ஒரு பாய் விரிக்கும் இடம்



பணக்காரர் வீட்டுக் கல்யாணங்களைப் பற்றி இரண்டு இதழ்களுக்கு முன்னால் ஒரு கட்டுரை போட்டிருந்தோம். 2024 ஜூலையில் மும்பையில் நடந்த அம்பானி வீட்டுக் கல்யாணத்தில் தொடங்கி நம்மூர் மண்டபங்கள் வரைக்கும் வந்த கட்டுரை அது. வந்து குவிந்த கடிதங்களை எங்கள் உதவி ஆசிரியர் இரண்டு கட்டாகக் கட்டி என் மேஜையில் வைத்தார். ஒரு கட்டு, "இப்படிக் கொட்டுகிறார்களே, அடுக்குமா?" என்று கொதித்தவர்களுடையது. இன்னொன்று, "படம் இவ்வளவுதானா? பெண் போட்டிருந்த நகையைக் கொஞ்சம் கிட்டத்தில் காட்டியிருக்கக் கூடாதா?" என்று கேட்டவர்களுடையது. எந்தக் கட்டு பெரியது என்பதைச் சொல்ல மாட்டேன். ஒரு வாசகியின் கடிதம் இரண்டு கட்டிலும் இருந்தது என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். முதல் கடிதத்துக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் ஐந்து நாள்.

இரண்டு கட்டிலும் சேராமல் ஒரு அஞ்சலட்டை வந்திருந்தது. நான்கு வார்த்தைதான். "அவங்க பணம், அவங்க செலவு." கீழே கையெழுத்து. அதற்கு என்ன பதில் எழுதுவது என்று தெரியாமல் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் செருகி வைத்தேன். அந்த வாரமே பொங்கல் மலருக்குப் படம் எடுக்கப் புகைப்படக்காரரோடு செட்டிநாட்டுக்குப் போகவேண்டி வந்தது. அஞ்சலட்டையும் கூடவே வந்தது என்றுதான் சொல்லவேண்டும்.

நாங்கள் போன வீட்டில் இப்போது இருப்பவர் ஒரே ஒரு ஆச்சி. எண்பது தாண்டியவர். ஊர் பெயரும் தன் பெயரும் வேண்டாம் என்றார். அதனால் ஆச்சி என்றே எழுதுகிறேன். முன்வாசலில் நின்று போன் செய்தோம். "முன்கதவைத் தொறக்க ரெண்டு ஆளு வேணும் தம்பி. பின்னாடி வந்துருங்க" என்றார். பின்னாடி என்றால் எங்கே? ஒரு தெருவில் முன்வாசல், அடுத்த தெருவில் பின்வாசல். செட்டிநாட்டு வீடுகள் அப்படித்தான், தெருவுக்குத் தெரு நீண்டு கிடக்கும். சுவரை ஒட்டியே நடந்தோம். வெயில் வேறு. புகைப்படக்காரர் பாதி வழியில், "சார், ஆட்டோ பிடிச்சிருக்கலாம்" என்றார்.

இப்படிப் பின்வாசல் வழியாகப் போனதில் ஒரு லாபம். இந்த வீடுகளை எல்லாரும் முன்னாலிருந்து பார்ப்பார்கள். முகப்பு, பளிங்கு, தேக்குத் தூண், வாயைப் பிளப்பது, அத்தோடு படம் எடுத்துக்கொண்டு திரும்புவது. நாங்கள் அடுப்படியிலிருந்து தொடங்கினோம்.

கடைசிக் கட்டில் ஆச்சியின் குடித்தனம் முழுவதும் இருந்தது. ஒரு கேஸ் அடுப்பு, சுவரில் தினசரி காலண்டர், ஒரு மேஜை மின்விசிறி, சுருட்டி வைத்த கோரைப்பாய், தலைமாட்டுக்கு ஒரு மரப்பலகை. ஜன்னல் திட்டில் நாற்பது பக்க நோட்டு ஒன்று, அதன் நடுவில் செருகிய பேனா. எவர்சில்வர் டம்ளரில் காபி கொடுத்தார். டம்ளரின் விளிம்புக்குக் கீழே நாலைந்து எழுத்துகள் வெட்டியிருந்தன. பெயரில்லை, விலாசம். தாத்தா, அப்பா என்று முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகளை வரிசையாகக் கோத்தால் அதுதான் அந்தக் குடும்பத்தின் விலாசம். வட்டிக்கடைக்கும் அதே பெயர், குண்டானுக்கும் அதே பெயர். அந்த வீட்டில் எழுத்து வெட்டாத சாமான் ஆச்சி மட்டும்தான் போலிருக்கிறது.

"மத்த அறையெல்லாம், ஆச்சி?"

"பூட்டிக் கெடக்கு. கூட்டிப் பெருக்க யாரு இருக்கா? செவ்வாய் வெள்ளி முன்னாடி போயி வெளக்கு வச்சிட்டு வருவேன். படுக்க ஒரு பாய் விரிக்க எடம் போதாதா?"

அடுத்த கட்டு பந்திக்கூடம். முந்நூறு பேர் இலை போட்டு உட்காரலாம். அதைத் தாண்டினால் வளவு. நடுவில் வானம் பார்த்த முற்றம், சுற்றிலும் தூண்கள், தூண்களுக்குப் பின்னால் வரிசையாகச் சின்னச் சின்ன அறைகள். சின்னது என்று மரியாதைக்குச் சொல்லவில்லை. உள்ளே நின்று கையை இரண்டு பக்கமும் நீட்டிப் பார்த்தேன், அவ்வளவுதான் அகலம். இருட்டு. கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் இதில் ஒரு பங்கு. அதைவிட வேடிக்கை, கல்யாணமான கொஞ்ச நாளிலேயே மகனையும் மருமகளையும் 'வேறு வைத்துவிடுவார்கள்'. வீடு ஒன்றுதான், கூரை ஒன்றுதான். ஆனால் அடுப்பு வேறு. வருஷத்துக்கு இவ்வளவு அரிசி, இவ்வளவு பருப்பு, இவ்வளவு பணம் என்று அப்பா அளந்து கொடுத்துவிடுவார். அதற்குள் குடும்பம் நடத்திக் காட்டவேண்டும். பர்மாவில் லட்ச லட்சமாகக் கொடுக்கல் வாங்கல் செய்தவரின் மருமகள் பத்தடி தள்ளியிருக்கும் மாமியாரிடம் கால்படி எண்ணெய் வாங்கினாலும் அது கணக்கில் ஏறும்.

"கசப்பா இருக்காதா ஆச்சி?"

"என்னத்துக்குக் கசக்கணும்? கணக்கு வச்சாத்தானே தம்பி சண்டை வராது."

அதற்கு மேல் நடந்தால்தான் நாமெல்லாம் படத்தில் பார்த்த வீடு வருகிறது. பர்மாத் தேக்கில் இரண்டு கை சேர்த்துப் பிடிக்க முடியாத தூண்கள், இத்தாலிப் பளிங்குத் தரை, பெல்ஜியம் கண்ணாடி, துணி போட்டு மூடிய சரவிளக்குகள். சுவரைத் தொட்டுப் பாருங்கள் என்றார் ஆச்சி. வெளியே கொளுத்தும் வெயிலில் உள்சுவர் மண்பானை மாதிரி குளிர்ந்திருந்தது. சுண்ணாம்பை நைசாக அரைத்து, முட்டை வெள்ளைக்கரு, கடுக்காய், வெல்லம் எல்லாம் சேர்த்துப் பல பூச்சுப் பூசித் தேய்த்து மெருகேற்றிய சுவர். நூறு வருஷமாக வெள்ளையடிக்கவில்லை. புகைப்படக்காரர் அதில் தன் முகம் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார், மங்கலாகத் தெரிந்தது.

இந்த இடத்தில் யாரும் படுத்ததில்லை, தனியாக உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. கல்யாணம், சாந்தி, புதுமை, படைப்பு என்று ஊர் கூடுகிற நாளுக்காக மட்டுமே கட்டியது. வீட்டுக்காரரின் வாழ்க்கை பின்கட்டில் அளந்து ஓடியது. முன்கட்டு ஊருக்கு. அஞ்சலட்டைக்காரருக்கு நான் சொல்ல நினைத்ததன் முதல் வரி அங்கே நின்றபோதுதான் கிடைத்தது. ஆனால் அதைப் பாதியில் நிறுத்தவேண்டும், ஏனென்றால் அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லாமல் வீட்டை மட்டும் மெச்சினால் அது பாதிக் கதை.

கடல் கடந்து வட்டித் தொழிலுக்குப் போனதை 'கொண்டுவிக்கப் போனாக' என்று இன்னமும் ஆச்சிமார்கள் சொல்கிறார்கள். ரங்கூன், மோல்மேன், பினாங்கு, சிங்கப்பூர், சைகோன், கொழும்பு. போகிற ஆள் பெரும்பாலும் மூன்று வருஷத்துக்குக் கணக்குப் பேசிக்கொண்டு போவார், மனைவி மக்கள் ஊரில். அங்கே அவர் இருந்த இடத்துக்குப் பெயர் கிட்டங்கி. நீளமான ஒரு கூடம். அதில் ஒவ்வொரு கடைக்கும் ஒரு மரப்பெட்டி, ஒரு சாய்வு மேஜை, ஒரு பாய். பகலில் அந்தப் பெட்டிக்குப் பின்னால் சப்பணமிட்டு உட்கார்ந்தால் அது வங்கி. ராத்திரி அதே பாயில் காலை நீட்டினால் அது படுக்கை. சிங்கப்பூர் மார்க்கெட் தெருவில் ரொம்ப காலம் இந்தக் கிட்டங்கிகள் இருந்தன. கோயில்தான் நகரத்தார் என்கிற இந்தச் செட்டியார்களின் சந்தை, சங்கம் எல்லாம்; கோயிலில் கூடித்தான் அந்த மாதத்து நடப்பு வட்டியை முடிவு செய்வார்கள். சிங்கப்பூர் டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில் 1859இல் எழுந்தது. வட்டிக்கடைப் பேரேட்டில் முருகனுக்கும் ஒரு பற்று வரவு உண்டு. வரும்படியில் ஒரு பங்கு மகமை என்று முதலிலேயே பிரிந்துவிடும். ஊரில் இருக்கிற ஆச்சிமாருக்கும் அதே பேரேட்டில் கணக்கு இருந்தது. பெண் கொண்டுவந்த சீதனப் பணம் அவள் பெயரில் வட்டியோடு வளர்ந்துகொண்டிருக்கும்.

இதெல்லாம் அழகுதான். ஆனால் பர்மாவில் ஐராவதிக் கழிமுகத்துச் சம்சாரிக்கு இது அழகாக இருந்திருக்காது. வனமாகக் கிடந்த சதுப்பை நெல் வயலாக்க அவனுக்குக் கடன் கொடுத்தவர்கள் நம் செட்டியார்கள். அந்த நெல் உலகம் முழுக்கப் போனது. 1930 வாக்கில் உலகப் பொருளாதாரமே சரிந்து நெல் விலை பாதியாக விழுந்தபோது கடன் திரும்பவில்லை. நிலம் திரும்பியது. கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930இல் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் 6 சதவீதம். 1937இல் 25 சதவீதம். நிலம் வேண்டும் என்று அவர்கள் போகவில்லை, காசாக வந்தால் போதும் என்றுதான் இருந்தார்கள் என்று அந்தக் காலத்தை ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். அது உண்மையாகவே இருக்கட்டும். வயலை இழந்தவனுக்கு அதனால் என்ன? 1942இல் ஜப்பான்காரன் குண்டு போட்டபோது ஆயிரக்கணக்கான தமிழர்கள் காட்டு வழியாக நடந்தே இந்தியா வந்தார்கள். 1948இல் பர்மா விடுதலை பெற்றதும் நிலங்களை நாட்டுடைமையாக்கச் சட்டம் போட்டது. தேக்கு மட்டும் இங்கே நின்றுவிட்டது.

ஆச்சியின் மாமனார் பர்மாவிலிருந்து திரும்பி வந்தபோது கையில் ஒரு தகரப்பெட்டி. அதற்குள் பணம் இருக்கும் என்று வீடே காத்திருந்ததாம். திறந்தால் கணக்குப் புத்தகங்கள். "யாரு யாரு எவ்வளவு தரணும்னு எழுதியிருக்கு, வாங்கிட்டு வர ஊருதான் இல்லை" என்று சொல்லிவிட்டு ஆச்சி சிரித்தார். அந்தப் பேரேடுகள் இன்னும் பரணில் இருக்கின்றன. கரையான் பிடிக்காமல் இருக்க வருஷத்துக்கு ஒரு தடவை வெயிலில் காயப்போடுகிறார்.

முகப்பில் ஒரு மூலையில் நாற்காலிகள் ஒன்றின் மேல் ஒன்றாக. வட்ட மேஜை, முக்காலி, கண்ணாடி அலமாரி, ஆளுயரக் கடிகாரம். நடக்கவே வழியில்லை. 1927 செப்டம்பரில் காந்தி செட்டிநாட்டுக்கு வந்தபோதும் இப்படித்தான் இருந்திருக்கவேண்டும். கதர் நிதி திரட்ட வந்தவர், பணத்தை வாங்கிக்கொண்டு நன்றி சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அவர் அந்த ஜாதி இல்லையே. கொடுத்தவர்களையே மேடையில் பிடித்துக்கொண்டார். உங்கள் வீடுகளில் வெளிநாட்டுச் சாமான்கள் அடைந்து கிடக்கின்றன, மூச்சுவிட இடமில்லை, இந்த மாளிகைகளை அலங்கரிக்கும் வேலையை என்னிடம் விடுங்கள், நீங்கள் செலவழித்ததில் பத்தில் ஒரு பங்கில் இதைவிட வசதியாக, இதைவிட அழகாகச் செய்து தருகிறேன் என்று பேசினார். அரை வேட்டிக்காரர் வீட்டு அலங்காரத்துக்குக் குத்தகை கேட்ட இந்தக் காட்சியை நினைத்தால் எனக்குச் சிரிப்பு அடங்குவதில்லை. கேட்டவர்களும் சிரித்திருப்பார்கள். நாற்காலியை யாரும் குறைத்ததாகத் தெரியவில்லை.

காந்தி சொன்னது சரிதான். இந்த வீடுகளில் தாராளம் எவ்வளவோ அவ்வளவு ஜம்பமும் இருக்கிறது. பக்கத்து வீட்டுத் தூணைவிட நம் தூண் ஒரு பிடி கூட இருக்கவேண்டும் என்கிற போட்டி கூரை வரைக்கும் தெரிகிறது. கோயில் திருப்பணியிலும் அந்த வேகம் உண்டு. மதுரை, சிதம்பரம், ராமேஸ்வரம், திருவண்ணாமலை என்று நகரத்தார் பணம் ஏறாத பெரிய கோயில் குறைவு. ஆனால் பழைய சோழர் காலத்துக் கட்டுமானங்களைப் பிரித்துப் போட்டுவிட்டுப் புதிதாகக் கருங்கல்லில் கட்டிய இடங்களும் இருக்கின்றன. கல்வெட்டு படிக்கிறவர்களிடம் இந்தப் பேச்சை எடுத்துப் பாருங்கள், பெருமூச்சு விடுவார்கள். பக்தியும் பணமும் சேர்ந்து வந்து நின்றால், கொஞ்சம் பொறு என்று சொல்ல ஆள் கிடைப்பதில்லை.

என்றாலும் அந்த ஜம்பத்துக்கு ஊர் தேவைப்பட்டது. முந்நூறு பேர் உட்காரும் பந்திக்கூடத்தைக் கட்டியவன் முந்நூறு பேரைக் கூப்பிட்டாகவேண்டும். வளவின் கூரைத் தண்ணீர் முற்றத்தில் விழுந்து, வாய்க்கால் பிடித்து, தெருவைக் கடந்து ஊருணிக்குப் போயாகவேண்டும். வறண்ட செம்மண் பூமி, ஊருணி வெட்டாமல் மாளிகை கட்டிப் பயனில்லை. இன்றைய பெரிய வீட்டுக் கல்யாணமும் நம்மைக் கூப்பிடுகிறது, இல்லையென்று சொல்ல முடியாது. பந்திக்குக் கூப்பிடவில்லை, பார்க்கக் கூப்பிடுகிறது. கைபேசியில் பார்க்கிறோம், நகை எத்தனை கோடி என்று பேசிக்கொள்கிறோம், சாம்பார் சாதம் நம் வீட்டுடையது.

செட்டிநாட்டுப் பணக்காரர்களில் என்னை ரொம்ப நாளாகத் தொந்தரவு செய்கிறவர் ஒருவர் உண்டு. கோட்டையூரில் 1909 ஏப்ரல் 6இல் பிறந்த அழகப்பச் செட்டியார். சென்னை மாநிலக் கல்லூரியில் ஆங்கிலம் எம்.ஏ., லண்டனில் பாரிஸ்டர், அங்கேயே விமானம் ஓட்டவும் கற்றுக்கொண்டார். திருச்சூர் பக்கம் நூற்பாலை வைத்தார், விமானக் கம்பெனி வைத்தார். வெள்ளைக்காரன் சர் பட்டம் கொடுத்தான், நாடு விடுதலையானதும் அதை விட்டுவிட்டார். சென்னை கிண்டியில் தொழில்நுட்பக் கல்லூரிக்கு 1944இல் 5 லட்சம் கொடுத்தார். இதுவரை சொன்னது எல்லாம் ஒரு பெரிய பணக்காரர் செய்யக்கூடியதுதான்.

பிறகு 1947. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த டாக்டர் ஏ. லட்சுமணசாமி முதலியார் ஒரு கூட்டத்தில் செல்வந்தர்கள் கல்லூரி தொடங்க முன்வரவேண்டும் என்று பேச, அழகப்பர் அங்கேயே எழுந்து, காரைக்குடியில் தொடங்குகிறேன் என்று சொன்னார். அதே வருஷம் கல்லூரி வந்துவிட்டது. மறு வருஷம் மத்திய அரசு மின்வேதியியல் ஆய்வுக்கூடம் ஒன்று அமைக்க இடம் தேடியபோது 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து அதைக் காரைக்குடிக்கு இழுத்து வந்தார். பொட்டல் காட்டில் 1948 ஜூலை 25இல் நேரு வந்து அடிக்கல் நாட்டினார். 1953 பொங்கலன்று ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். அந்த ஆய்வுக்கூடம் இன்றும் அங்கேயே நடக்கிறது. கலை, பொறியியல், ஆசிரியர் பயிற்சி, பெண்கள் கல்லூரி, பள்ளிகள் என்று ஒன்றன்பின் ஒன்றாக எழுப்பினார். கடைசியில் குடியிருந்த வீட்டையும் கல்விக்கே கொடுத்துவிட்டார். நோயோடு மல்லாடிக்கொண்டுதான் இவ்வளவும். 1957 ஏப்ரல் 5இல் காலமானார். மறுநாள் விடிந்திருந்தால் 48 வயது.

என்னை அதில் பிடித்து நிறுத்துவது தொகை அல்ல. செட்டிநாட்டில் வீடு என்றால் என்ன என்று இப்போது பார்த்துவிட்டோம். சம்பாதிப்பதன் அர்த்தமே அதுதான். விலாசம் வெட்டுவதற்கு ஒரு சுவர். அந்த ஊரில் பிறந்த மனிதர் வீட்டைக் கொடுப்பது, நீங்களும் நானும் கொடுப்பது மாதிரி இல்லை. இதை ஆச்சியிடம் சொன்னேன். அவருக்கு அழகப்பரைப் பிடிக்கும், மகள் அந்தக் கல்லூரியில்தான் படித்தாள். ஆனாலும், "வீட்டைக் குடுத்திருக்க வேணாம். அவுக வீட்டு ஆச்சி என்ன நெனைச்சாகளோ?" என்றார். எந்த வாழ்க்கை வரலாற்றிலும் நான் படிக்காத கேள்வி அது. நான் பேசாமல் காபியைக் குடித்தேன்.

கோட்டையூர்க்காரர் இன்னொருவரைச் சொல்லாமல் போனால் பத்திரிகைக்காரன் நன்றி கெட்டவனாவேன். ரோஜா முத்தையா. பணக்காரர் அல்ல, விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்தவர். கைக்கு வந்த காசெல்லாம் பழைய புத்தகத்துக்கும், பத்திரிகைக்கும், நாடக நோட்டீசுக்கும், கல்யாணப் பத்திரிகைக்கும் போயிற்று. ஊரார் எடைக்குப் போட்டதை எல்லாம் வீட்டில் அடுக்கினார். 1992இல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது, நல்லவேளையாக அது சென்னையிலேயே நூலகமாக நின்றது. ஐம்பது அறுபது வருஷத்துக்கு முந்தைய ஒரு வாரப்பத்திரிகையின் அட்டைப்படம் வேண்டுமென்றால் எங்கள் அலுவலகத்துப் பையன்கள் தரமணிக்குத்தான் ஓடுகிறார்கள். அந்தக் காலத்தில் எத்தனையோ மாளிகைகளில் எத்தனையோ பத்திரிகைகள் வந்திருக்கும். மிஞ்சியது பலகை எழுதியவர் வீட்டில் மட்டும்.

மறுநாள் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் திரிந்தோம். பிரித்த வீடுகள் எல்லாம் வந்து சேரும் தெரு அது. கதவுநிலை, ஜன்னல், எனாமல் தட்டு, தேக்குத் தூண்கூட நிற்கிறது, தலையும் காலும் இல்லாமல். ஒரு கடையின் சுவர் முழுக்கச் சட்டம் போட்ட புகைப்படங்கள். தலைப்பாகையோடு நிமிர்ந்து உட்கார்ந்த ஐயாக்கள், கழுத்து நிறையக் கழுத்துருவோடு நின்றுகொண்டிருக்கும் ஆச்சிகள். யார் என்று கேட்டால் கடைக்காரருக்குத் தெரியவில்லை. "ஓட்டல்காரங்க வாங்கிட்டுப் போறாங்க சார். ரூமுக்கு ரெண்டு மாட்டுறாங்க." இனிமேல் அந்த ஐயா எங்கோ ஒரு கடற்கரை விடுதியில், பெயரில்லாமல், யாரோ ஒரு தேனிலவுத் தம்பதியைப் பார்த்து முறைத்துக்கொண்டிருப்பார். நான் விலை கேட்டேன், வாங்கவில்லை. யாருடைய தாத்தாவையோ நான் எங்கே மாட்டுவது?

சாமான் எழுத்தைச் சுரண்டியிருக்கிறார்களா என்று சில பாத்திரங்களைத் திருப்பிப் பார்த்தேன். இல்லை. விலாசம் அப்படியே இருந்தது.

இதை எழுதுவதற்காக ஆச்சி வீட்டுக்கு இன்னொரு முறை போனோம். வீட்டை விற்கிற யோசனை உண்டா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவரோ அதைப் பழகிய கேள்வியாக எடுத்துக்கொண்டார். இப்போது அந்த வீட்டுக்கு நாற்பத்திரண்டு பங்காளிகள். சென்னை, கோயமுத்தூர், மலேசியா, அமெரிக்கா. ஒருவர் கையெழுத்துப் போட்டால் இன்னொருவர் மாட்டேன் என்கிறார். பேரன் ஒருவன் அங்கே ஓட்டல் வைக்கலாம் என்கிறான், பேத்தி ஒருத்தி அருங்காட்சியகம் என்கிறாள். வருஷத்துக்கு ஒரு முறை, குலதெய்வப் படைப்புக்கு, முடிந்தவர்கள் எல்லாம் வருவார்கள். அன்றைக்கு இரண்டு ஆள் சேர்ந்து முன்கதவைத் திறப்பார்கள். சரவிளக்குத் துணியை எடுப்பார்கள். பந்திக்கூடத்தில் இலை விழும். சாயங்காலம் கார்கள் கிளம்பும். ஆச்சி பின்கட்டுக்குப் போய் மின்விசிறியைப் போட்டுக்கொள்வார்.

"அன்னைக்கு ஒரு நாளைக்கா ஆச்சி இவ்வளவு பெரிய வீடு?"

"கட்டுனதே அதுக்குத்தானே தம்பி."

அஞ்சலட்டை நண்பருக்கு: உங்கள் நான்கு வார்த்தையை நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. அவர்கள் பணம்தான். ஆனால் ஐராவதிக் கரைச் சம்சாரிக்கும், காரைக்குடியில் படித்த ஆச்சியின் மகளுக்கும் அந்தச் செலவில் சம்பந்தம் இருக்கிறது. ஒருவருக்குப் போனது, ஒருவருக்கு வந்தது. எனக்கு வலிக்கிறதா என்றால், மும்பைக் கல்யாணம் வலிக்கவில்லை, அதில் எனக்கு வேலை இல்லை என்பதுதான் என்னவோ போலிருக்கிறது. உங்கள் ஊரிலும் ஒரு பெரிய வீடு இருக்கும். பூட்டியிருக்கலாம், பள்ளிக்கூடமாக மாறியிருக்கலாம், இடித்து மனை போட்டிருக்கலாம். அந்த வீட்டுக்காரர்கள் எதற்குத் தாராளமாகச் செலவழித்தார்கள், எதற்கு முடிச்சை அவிழ்க்கவே மாட்டார்கள் என்று உங்களுக்குத் தெரிந்ததை எழுதுங்கள். பெயர் வேண்டாம். நல்லதாக வருகிற பத்துக் கடிதங்களை மலரிலேயே போடுகிறோம்.

கிளம்பும்போது புகைப்படக்காரர் ஆச்சி கையில் ஐந்நூறு ரூபாய் வைக்கப் பார்த்தார், படம் எடுக்க விட்டதற்கு. ஆச்சி அதைத் தொடவில்லை. ஜன்னல் திட்டிலிருந்த நோட்டை எடுத்தார். புதுப் பக்கம். மேலே பிள்ளையார் சுழி போட்டார். கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுக்கொண்டு காலண்டரைப் பார்த்துத் தேதி எழுதினார். பிறகு நிதானமாக, எழுத்தெழுத்தாக: விருந்தாடி காபிக்குப் பால், அரை லிட்டர்.

அன்புடன்,
ஆசிரியர்